சொன்னார்கள், எழுதிக்கொள்ளவில்லை: தில்லி 1984உம் வாய்மொழி வரலாறும்

தில்லியில் 1984இல் நடந்த சீக்கியர் படுகொலையைப் பற்றிப் பேசும்போது பலரும் ஒன்றைச் சொல்வார்கள்: பாதிக்கப்பட்டவர்கள் பயத்தில் வாயடைத்துப்போனார்கள், பல ஆண்டுகள் கழித்துத்தான் பேச முன்வந்தார்கள் என்று. உண்மை அப்படியில்லை. அவர்கள் முதல் நாளிலிருந்தே பேசினார்கள். அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். அன்று மாலையே தாக்குதல்கள் தொடங்கிவிட்டன. நவம்பர் 2ஆம் தேதி திரிலோக்புரி 32ஆம் பிளாக்கின் சந்துகளுக்குள் நுழைந்த இந்தியன் எக்ஸ்பிரஸ் செய்தியாளர்கள் ராகுல் பேடியிடமும் ஜோசப் மலியாகனிடமும் பேசினார்கள். ஃபர்ஷ் பஜார் நிவாரண முகாமில் கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்த கல்லூரி ஆசிரியைகளிடமும் மாணவர்களிடமும் பேசினார்கள். யார் வந்தார்கள், எந்தக் கடையிலிருந்து மண்ணெண்ணெய் எடுத்தார்கள், எந்தப் போலீஸ்காரர் கிர்பான் குறுவாளைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் போகச் சொன்னார் என்பதையெல்லாம் பெயரும் முகமும் குறித்துச் சொன்னார்கள். அக்கம்பக்கத்து ஆட்களும் கும்பலில் இருந்ததால் அடையாளம் சொல்வதில் அவர்களுக்குத் தடுமாற்றம் இருக்கவில்லை.

எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. தில்லி வழக்குகளின் நாற்பதாண்டு வரலாற்றைப் புரிந்துகொள்ள இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாய்மொழி வரலாறு மனித உரிமைப் பணிக்கு எந்த அளவுக்கு உதவும், எங்கே உதவாது என்பதற்கும் இந்தியாவில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அரசு ஏற்றுக்கொண்ட கணக்கின்படி தில்லியில் மட்டும் கொல்லப்பட்டவர்கள் 2,733 பேர். இந்த எண்ணிக்கைகூட 1987இல் அஹூஜா குழு உட்கார்ந்து எண்ணிய பிறகுதான் அதிகாரப்பூர்வமாக வந்தது. தில்லி கன்டோன்மென்ட் பகுதியில் 341 பேர் இறந்தார்கள். அந்தக் காவல் நிலையத்தில் பதிவான முதல் தகவல் அறிக்கைகள் 21. அவற்றிலும் கொலை தொடர்பானவை சுமார் 15. தனித்தனிக் குடும்பங்களின் புகார்கள் ஒரே எண்ணின் கீழ் கட்டுக்கட்டாகச் சேர்க்கப்பட்டன. ஒரு பெண் தன் கணவனைக் கொன்றவனின் பெயரைச் சொல்லியிருப்பாள். ஏட்டில் 'ஒரு கும்பல்' என்று இருக்கும்.

காவல்துறை எப்படி வாக்குமூலம் பதிவு செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி சாட்சியை விசாரிக்கும் அதிகாரி, அவர் சொன்னதைத் தன் நடையில் எழுதிக்கொள்வார். சாட்சி அதில் கையெழுத்துப் போடக் கூடாது என்கிறது 162ஆம் பிரிவு. எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினார்களா என்பதற்குப் பெரும்பாலும் எந்தத் தடயமும் இருக்காது. சிந்து வழியாக வந்த லபானா சீக்கியப் பெண் தன் வீட்டுப் பேச்சில் சொன்னது, ஃபாரசியும் உருதுவும் கலந்த போலீஸ் இந்தியாக மாறும். பிறகு விசாரணைக் கமிஷனுக்குப் போகும்போது யாரோ ஒரு வழக்கறிஞரின் ஆங்கிலப் பிரமாணப் பத்திரமாகும். அரசுத் தரப்பு இந்த 161 வாக்குமூலத்தைச் சாட்சியமாகக் காட்டிக் குற்றத்தை நிரூபிக்க முடியாது. ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அன்றைக்கு இந்தப் பெயரைச் சொல்லவில்லையே, இப்போது மட்டும் எப்படி ஞாபகம் வந்தது?" என்று கேட்கலாம். சொன்னவளின் சொல் அவளுக்கே எதிராகத் திரும்புவதற்கு இந்த ஒரு தாள் போதும்.

இதற்கு நேர் எதிரான வேலையைத்தான் அந்த நவம்பரில் சில தன்னார்வலர்கள் செய்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகமும் மக்கள் ஜனநாயக உரிமைக் கழகமும் சேர்ந்து நவம்பர் 1 முதல் 10 வரை விசாரித்து, அந்த மாதமே 'குற்றவாளிகள் யார்?' என்ற சிறு நூலை வெளியிட்டன. நடந்தது திடீர்க் கோபத்தின் வெடிப்பு அல்ல, ஒழுங்கமைக்கப்பட்ட வன்முறை என்பது அதன் முடிவு. முகாம்களில் மக்கள் சொன்ன அரசியல்வாதிகளின் பெயர்களையும் காவல் அதிகாரிகளின் பெயர்களையும் அப்படியே பின்னிணைப்பில் அச்சிட்டார்கள். ராஜீவ் காந்தி பிரதமராகி, தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்த வேளையில் அதைச் செய்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று இன்றைய வாசகர் யோசித்துப்பார்க்க வேண்டும். மது கிஷ்வர் நடத்திய 'மானுஷி' இதழ் பெண்களின் நேரடிச் சொற்களை வெளியிட்டது. வரலாற்றாசிரியர் உமா சக்கரவர்த்தியும் வழக்கறிஞர் நந்திதா ஹக்ஸரும் பல தரப்பினரையும் நேர்கண்டு பதிவு செய்தவை 1987இல் நூலாக வந்தன. ஒரு வரலாற்றாசிரியரும் ஒரு வழக்கறிஞரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்கள் என்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். இந்தப் பணிக்கு அந்த இரண்டு காதுகளும் வேண்டும்.

மானுடவியலாளர் வீணா தாஸ் சுல்தான்புரியில் பார்த்ததை எழுதியிருக்கிறார். படுகொலைக்குப் பிறகு அங்கே பெண்கள் குளிக்காமல், தலை வாராமல், எரிந்த வீடுகளுக்கு வெளியே தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். துக்க காலம் முடிந்த பிறகும் எழுந்துபோய்ச் சுத்தம் செய்ய மறுத்தார்கள். இங்கே ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிற பெரிய மனிதர்களின் கண்ணுக்கு முன்னால் தங்கள் உடம்பையே அவர்கள் சாட்சியாக வைத்திருந்தார்கள். இதை எந்த 161 வாக்குமூலத்தில் எழுத முடியும்? ஒலிநாடாவில்கூட இது பதிவாகாது. கேட்பவர் பார்க்கவும் தெரிந்தவராக இருந்ததால் நமக்குக் கிடைத்தது.

நிவாரண முகாம்களில் வேலை செய்தவர்களில் ஒருவர் ஊர்வசி புட்டாலியா. தேசப் பிரிவினையைப் பற்றிய தன் ஆய்வுக்கு 1984தான் தூண்டுகோல் என்று அவரே எழுதியிருக்கிறார். முகாமில் இருந்த முதியவர்கள், 'நாற்பத்தேழு மறுபடி வந்துவிட்டது' என்றார்கள். அதுவரை வீட்டுக்குள் பாட்டி சொல்லும் கதையாக மட்டும் இருந்த பிரிவினை, கேட்டு எழுதப்பட வேண்டிய வரலாறாக அவருக்குத் தோன்றியது அப்போதுதான். 1998இல் அவருடைய நூலும், ரிது மேனன் – கம்லா பாசின் எழுதிய நூலும் வெளியாயின. கடத்தப்பட்ட பெண்கள், 'மீட்கப்பட்ட' பெண்கள், மானம் காக்கவென்று சொந்தக் குடும்பத்து ஆண்களாலேயே கொல்லப்பட்ட பெண்கள் என்று அரசு ஆவணங்கள் சொல்லாத பிரிவினை அவற்றில் பேசப்பட்டது.

ஒருவர் தன் கதையை எங்கிருந்து தொடங்குகிறார் என்பது வாய்மொழி வரலாற்றில் முக்கியம். குற்றப்பத்திரிகை நவம்பர் 1இல் தொடங்கும். திரிலோக்புரியின் கதைக்கு அந்தத் தேதி போதாது. அந்தக் குடியிருப்பே நெருக்கடி நிலைக் காலத்தில் நகரின் குடிசைப் பகுதிகளை இடித்துவிட்டு மக்களைக் கொண்டுபோய்க் கொட்டிய மறுகுடியமர்வுக் காலனி. சுல்தான்புரியும் மங்கோல்புரியும் அப்படித்தான். சின்னச் சின்ன மனைகள், ஒருவரையொருவர் அறியாத அக்கம்பக்கம், மனைப் பட்டாவுக்கும் ரேஷன் அட்டைக்கும் உள்ளூர் அரசியல்வாதியைச் சார்ந்திருக்க வேண்டிய நிலை. பிரிவினையில் ஒருமுறையும் நெருக்கடி நிலையில் ஒருமுறையும் பெயர்த்தெறியப்பட்டவர்களைத்தான் 1984 மூன்றாவது முறையாகத் தாக்கியது. கொலைகள் ஏன் பணக்காரச் சீக்கியர்கள் வாழ்ந்த தெற்கு தில்லியைவிட இந்தக் காலனிகளில் குவிந்தன என்பதற்கு இந்த நீண்ட கதையில்தான் விடை இருக்கிறது.

வாய்மொழிச் சாட்சியத்தைக் கொண்டாடுவதோடு நின்றுவிட்டால் அது நேர்மையாகாது. நினைவு தவறும். இத்தாலிய ஆய்வாளர் அலெஸாந்த்ரோ போர்த்தெல்லி இதை ஆராய்ந்தவர். தெர்னி என்ற ஆலை நகரத்தில் லூயிஜி த்ராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி 1949இல் போலீஸாரால் கொல்லப்பட்டார். நேட்டோவுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் நடந்த மரணம் அது. பல ஆண்டுகள் கழித்து ஊரார் பலர், 1953இல் நடந்த ஆட்குறைப்புப் போராட்டத்தில் அவர் செத்ததாகச் சொன்னார்கள். போர்த்தெல்லி அவர்களைப் பொய்யர்கள் என்று ஒதுக்கவில்லை. வேலையிழந்த ஆத்திரமும் பதிலடி கொடுக்க முடியாத அவமானமும் அந்த மரணத்தை நான்கு ஆண்டுகள் தள்ளி வைத்துவிட்டன என்று காட்டினார். வரலாற்றாசிரியருக்கு அந்தத் தவறு புதையல். நீதிமன்றத்தில் அதே தவறு வழக்கையே சாய்த்துவிடும்.

ராஜ்நகர் வழக்கில் இது நேரடியாகவே நடந்தது. பாலம் விமான நிலையத்துக்கு அருகே உள்ள அந்தக் குடியிருப்பில் நவம்பர் 1, 2 தேதிகளில் ஐந்து சீக்கிய ஆண்கள் கொல்லப்பட்டார்கள். முக்கிய சாட்சி, கணவனையும் மகனையும் ஒரே நாளில் இழந்த பெண். போலீஸ் உதவி கிடைக்காமல், வீட்டிலிருந்த மரச்சாமான்களை அடுக்கி இருவருக்கும் அங்கேயே கொள்ளி வைத்தவர். முன்னாள் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமார் கும்பலைத் தூண்டிப் பேசியதைக் கண்டதாக அவர் சாட்சி சொன்னார். படுகொலையை விசாரித்த ரங்கநாத் மிஸ்ரா கமிஷனுக்கு 1985இல் கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் அந்தப் பெயர் இல்லை என்பது எதிர்த்தரப்பின் பிடி. 2013இல் விசாரணை நீதிமன்றம் வேறு ஐவரைத் தண்டித்து, சஜ்ஜன் குமாரை விடுவித்தது.

மேல்முறையீட்டில் தில்லி உயர் நீதிமன்றம் 2018 டிசம்பர் 17 அன்று அந்த விடுதலையை ரத்து செய்து ஆயுள் தண்டனை விதித்தது. நீதிபதிகள் எஸ். முரளிதர், வினோத் கோயல். தீர்ப்பு 1947இல் தொடங்குகிறது. பிரிவினையில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டதையும், லாகூரிலிருந்து இரண்டு குழந்தைகளோடு வந்த அம்ரிதா ப்ரீதம் கவிதை எழுதியதையும் சொல்லிவிட்டு, 37 ஆண்டுகள் கழித்து நாடு மீண்டும் ஒரு பேரவலத்தைக் கண்டது என்று 1984க்கு வருகிறது. முகாமில் இருந்த முதியவர்கள் சொல்லத் தொடங்கிய இடமும் அதுதான். ஏன் அந்தப் பெண் முன்பே பெயரைச் சொல்லவில்லை என்ற கேள்வியை, ஏன் சொல்ல முடியாமல் போனது என்று நீதிபதிகள் மாற்றிக் கேட்டார்கள். போலீஸ் யார் பக்கம் நின்றது, விசாரணை எப்படி முடக்கப்பட்டது, சாட்சிகளை மிரட்டும் பலம் யாரிடம் இருந்தது என்ற பின்னணியோடு அவர் சொல்லை எடைபோட்டு நம்பினார்கள். சாட்சியத்தின் தரத்தைக் குறைத்துக்கொண்டு கொடுத்த தீர்ப்பு என்று இதை நான் கருதவில்லை. சாட்சி சொல்லப்பட்ட சூழலையும் சாட்சியத்தின் பகுதியாகப் படித்த தீர்ப்பு இது. சஜ்ஜன் குமார் உச்ச நீதிமன்றத்தை நாடினார். சரஸ்வதி விகாரில் ஒரு தந்தையும் மகனும் கொல்லப்பட்ட இன்னொரு வழக்கில் 2025 பிப்ரவரியில் அவருக்கு மீண்டும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

மறுபக்கமும் உண்டு. திரிலோக்புரி கலவர வழக்கொன்றில் 1996இல் 89 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் அவர்களில் 15 பேரை, எந்தச் சாட்சியும் நேரடியாக அடையாளம் காட்டவில்லை என்று விடுவித்தது. சட்டப்படி அந்தத் தீர்ப்பில் குறை காண்பது கடினம். 32ஆம் பிளாக்கில் அடையாளம் சொல்லத் தயாராக இருந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களைச் சரியான வழக்கில், சரியான நேரத்தில் கூண்டில் ஏற்றாதது அவர்களின் குற்றம் அல்ல.

இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்ற விதி ஒன்றுமில்லை. தில்லி எரிவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னால், 1984 செப்டம்பர் 20 அன்று, அர்ஜென்டினாவில் எழுத்தாளர் எர்னெஸ்தோ சபாத்தோ தலைமையிலான ஆணையம், ராணுவ ஆட்சியில் காணாமல் போன ஏறத்தாழ 9,000 பேரைப் பற்றிய அறிக்கையை அதிபரிடம் கொடுத்தது. குடும்பத்தாரும் தப்பிவந்தவர்களும் சொன்னதே அதன் அடிப்படை. அடுத்த ஆண்டே ராணுவத் தளபதிகள் கூண்டில் நின்றார்கள். 800க்கும் மேற்பட்ட சாட்சிகள் திறந்த நீதிமன்றத்தில் பேசினார்கள். அதே 1985இல் இங்கே மிஸ்ரா கமிஷன் கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடிய குடிமக்கள் நீதிக் குழு அதை ஏற்காமல் 1986இல் விலகியது. பிறகு குழுக்கள், குழுக்களின் மேல் குழுக்கள், 2000இல் நானாவதி கமிஷன், 2005 ஆகஸ்டில் மாநிலங்களவையில் மன்மோகன் சிங்கின் மன்னிப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் அதே பெண்கள் அதே கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு சொல் கூடியது, ஒரு சொல் குறைந்தது. எதிர்த்தரப்புக்கு அவையெல்லாம் முரண்பாடுகள்.

யாருடைய சொல் நம்பப்படுகிறது என்ற கேள்வி நமக்கு அந்நியமானதல்ல. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். கண்ணால் கண்டவர்கள் பெயர் சொன்னார்கள். வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்ற ரீதியில் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் அவர்களை விடுவித்தது. கூலித் தொழிலாளியின் கண்ணைவிட மிராசுதாரின் அந்தஸ்து பெரிய சாட்சியாக நின்றது. அதற்கு மாறாக வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று அந்த மலையடிவாரக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நடத்திய கொடுமையைப் பழங்குடிப் பெண்கள் சொன்னபோது அரசு மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் அவர்கள் சொன்னதை விடாமல் எடுத்துச் சென்றதால் வழக்கு சிபிஐக்குப் போனது. 2011இல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 2023இல் நீதிபதி பி. வேல்முருகன் கிராமத்துக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு அதை உறுதி செய்தார். 18 பெண்கள் கடைசிவரை தங்கள் சொல்லில் நின்றார்கள். அவர்களைத் தனியே விடாத அமைப்பு ஒன்று பின்னால் நின்றது. தில்லியின் விதவைகளுக்குத் தனி மனிதர்கள் துணை நின்றார்கள், எச்.எஸ். ஃபூல்கா போன்ற வழக்கறிஞர்கள் வாழ்க்கையையே கொடுத்தார்கள். அரசியல் பலம்தான் அவர்கள் பக்கம் இல்லை.

நீதிமன்றத்துக்குத் தேவைப்படாத பகுதி ஒன்றும் இந்தக் கதைகளில் இருக்கிறது. மேற்கு தில்லி திலக் விகாரில் விதவைகளுக்கு வீடு ஒதுக்கப்பட்டது. அந்த இடத்துக்கே 'விதவைகள் காலனி' என்று பெயர் விழுந்தது. அதுவரை வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போயிராத பெண்கள் அரசு அலுவலகங்களில் கடைநிலைப் பணியில் சேர்ந்தார்கள். அவர்கள் வேலைக்குப் போன நேரத்தில் தனியே வளர்ந்த பிள்ளைகளில் பலர் போதைக்குப் போனார்கள். எந்த இபிகோ பிரிவிலும் வராத சேதம் இது. பெண்கள்மீது நடந்த பாலியல் வன்முறையோ விசாரணைக் கமிஷன்களின் ஏட்டில் ஏறக்குறைய இடம்பெறவே இல்லை. சனம் சுதிர்த் வசீர் 2024இல் வெளியிட்ட நூலில், நாற்பது ஆண்டுகள் கழித்து, பெண்கள் அதைப் பேசுகிறார்கள். வழக்காக மாறாது என்று தெரிந்தே பேசுகிறார்கள்.

பதிவு செய்பவருக்குச் சில கட்டாயங்கள் உண்டு. அயர்லாந்து மோதலில் பங்கெடுத்தவர்களை 2001 முதல் பாஸ்டன் கல்லூரி பேட்டி கண்டது. சாகும்வரை வெளியிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. 2011இல் பிரிட்டிஷ் காவல்துறை கேட்டு, அமெரிக்க நீதிமன்றங்கள் வழியாக ஒலிநாடாக்கள் கைமாறின. காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கக் கூடாது. இங்கே வன்முறைக்குப் பின் ஒலிவாங்கியோடு போகும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். பேசுகிறவர் கண்டதையும், பிறர் சொல்லக் கேட்டதையும் குழப்பாமல் பதிய வேண்டும். அந்த வேறுபாட்டில்தான் சாட்சியச் சட்டமே நிற்கிறது. தேதி தவறினால் திருத்தாமல் விட வேண்டும். தன் கேள்வியையும் ஒலிப்பதிவில் வைக்க வேண்டும். பேசிய மொழியிலேயே மூலத்தைக் காக்க வேண்டும். ஒரு பிரதியைச் சொன்னவர் கையில் கொடுக்க வேண்டும். அந்தப் பிரதி 1985இல் ராஜ்நகர்ப் பெண்ணின் கையில் இருந்திருந்தால் 2013 வேறு மாதிரி இருந்திருக்கலாம். ஆண்டுதோறும் நவம்பரில் திலக் விகாருக்குப் போய், அழும் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பும் தொலைக்காட்சிக் குழுக்கள் இதில் எதையும் செய்வதில்லை.

நினைவு உடனடியாகப் பயன்பட்ட தருணமும் உண்டு. 2020 பிப்ரவரியில் வடகிழக்கு தில்லியில் 53 பேர் கொல்லப்பட்ட வன்முறையின்போது, சிறிய மருத்துவமனை ஒன்றில் சிக்கியிருந்த காயமடைந்தவர்களைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல, நள்ளிரவில் தன் வீட்டிலேயே அமர்வைக் கூட்டிப் போலீஸ் பாதுகாப்புக்கு உத்தரவிட்டவர் அதே நீதிபதி முரளிதர். இன்னொரு 1984 நடக்க விட முடியாது என்று மறுநாள் விசாரணையில் சொன்னார்.

2018 தீர்ப்பில் எல்லோரும் தண்டனையைப் பேசினார்கள். அதில் இருந்த ஒரு வேண்டுகோள் அவ்வளவாகப் பேசப்படவில்லை. மனித குலத்துக்கு எதிரான குற்றங்களும் இனப்படுகொலையும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இல்லை, இந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்றது தீர்ப்பு. 1984 நவம்பரில் முகாம்களில் இருந்த பெண்கள் சொன்னது 2,733 தனித்தனிக் கொலைகளின் கதை அல்ல. திட்டமிட்டு, ஆள் திரட்டி, போலீஸை விலக்கி வைத்து நடத்திய ஒரே குற்றத்தின் கதை. அந்தக் குற்றத்துக்கு அன்று சட்டத்தில் பெயர் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தை முழுவதும் மாற்றி எழுதி 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதிலும் அந்தப் பிரிவு சேர்க்கப்படவில்லை.